மயிலக்காள் ஸ்டாப்

நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பஸ் போய்க்கொண்டே இருந்தது. சன்னலில் தலையை நீட்டிப் பார்த்தால், ரோட்டோரத்தில் என் தோழி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு பஸ்ஸோடு கூடவே ஓடி வந்துகொண்டிருந்தாள். அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

"கண்டக்டர், நிறுத்துங்க, நான் இறங்கணும்!"

"இங்க ஸ்டேஜ் இல்லம்மா. வடமதுரையில எறங்கித் திரும்பி நடந்து வா. கொஞ்ச தூரந்தான்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அத்தா இதே கண்டக்டரிடம்தான், "புள்ள தனியாப் போகுது, பாத்துப் பத்திரமா எறக்கி விடுங்க" என்று சொல்லியிருந்தார். அவரும் "அதுக்கென்ன பாய்" என்று தலையாட்டியிருந்தார். மனிதர் வார்த்தை தவறவில்லை. வடமதுரையில் என் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக் கொடுத்து, பத்திரமாகத்தான் இறக்கிவிட்டார்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன். பாதி வழியில் தோழி எதிரே வந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் மதுரையில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி, விடுதியில் ஒரே அறை. சித்திரை லீவில் ஒரு வாரம் அவள் ஊருக்குப் போகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அம்மாவைக் கட்சி மாற்றி, வாங்கிய அனுமதி இது. அப்படி வாங்கிய வாரத்தின் முதல் மணி நேரம் வடமதுரை ரோட்டிலேயே போய்விட்டது.

"உன்னையும் தாண்டிக் கொண்டு போயிட்டானா?" என்று சிரித்தாள். "எங்க ஊருக்கு வாரவுக எல்லாரும் வடமதுரையப் பாத்துட்டுத்தான் வரணும். அதான் வழக்கம்."

ரோட்டிலிருந்து ஊருக்கு வண்டித்தடம். ஊர் கண்ணில் படுமுன் வாசனை வந்துவிட்டது. மல்லிகை. சாதாரணமாக வருகிற வாசனை இல்லை, கல்யாண மண்டபத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது போல இருந்தது. ஊருக்குள் போனால், தண்ணீர் எடுக்கிற பெண்கள் எல்லோர் தலையிலும் கை அகலத்துக்குப் பூ. ஆட்டுரல் பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரு சரம். ஒரு வீட்டு வாசலில் கோழிக் கூடைக்குக்கூடச் சுற்றியிருந்தார்கள்.

"என்னடி, கல்யாணமா?"

"கல்யாணமா? எழவு. எங்க மதினியோட பூவு வெல போகல."

விஷயம் இதுதான். தோழியின் அண்ணன் மனைவி, அதாவது மதினி, நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். பூக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த ஊரில் கம்பும் சோளமும் கடலையும் தவிர வேறெதையும் யாரும் போட்டதில்லை. மாமனாரிடம் கேட்டுக் கேட்டு, கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரை வாங்கி, பிறந்த வீட்டிலிருந்து குண்டுமல்லிப் பதியன் கொண்டுவந்து நட்டாள். இந்தச் சித்திரையில் செடி முழுக்க அரும்பு. ஆனால் மல்லிகை அரும்பு விடியற்காலையில் பறிக்கிற சரக்கு, வெயில் ஏறுமுன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் வியாபாரி தொடமாட்டான். காலையில் திண்டுக்கல்லுக்குப் போகிற முதல் பஸ்ஸோ ஊருக்குப் பிரிகிற விலக்கில் நிற்காது. வடமதுரைக்குக் கூடையோடு நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தப் பஸ் கிளம்பிவிடும். அடுத்தது போய்ச் சேரும்போது மார்க்கெட் கலைந்திருக்கும். மாட்டு வண்டி கட்டினாலும் அதே கதைதான். ஊரில் இருந்த ஒரே சைக்கிள், டயர் இல்லாமல் ஒரு சுவரில் சாய்ந்து நின்றது.

மதினி என்னைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், என் தலையில் ஒரு முழத்துக்குப் பதில் ஒரு கட்டுப் பூவை வைத்ததுதான்.

"வையி தாயி. இந்த ஊர்ல தலைதான் பத்தல."

கிணற்றில் கமலை இறைத்துவிட்டு மாமனார், அதாவது தோழியின் அப்பா, வந்தார். நெட்டை மனிதர், தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "பாய் வீட்டுப் பொண்ணா? வா வா. எங்க கமலைச் சாலுக்குத் தோலு உங்க ஊருலருந்துதான் வருது" என்றார். அந்த உறவு எனக்குப் பிடித்துப்போயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோது, "பிரியாணி ஊருப் புள்ள, கம்மஞ்சோறு எறங்குமா?" என்று கேட்டார்.

"வெஞ்சனம் என்னன்னு சொல்லுங்க மாமா, அப்புறம் பாக்கலாம்."

"பருப்புக் கொழம்பும் கத்தரிக்காயும். வேணும்னா மல்லியப்பூ வதக்கித் தரச் சொல்றேன், வீட்டுல அதான் நெறையக் கெடக்கு."

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "மாமா, பூவப் பழிச்சா வாசன போயிருமா?"

"வாசனைய வச்சு என்னத்தா செய்றது? மாடு திங்காத செடி. கடலைன்னா கொடி மாட்டுக்கு, காய் மனுசனுக்கு. இத மாட்டுக்குப் போட்டாலும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருது." அப்புறம் என் பக்கம் திரும்பி, தீர்ப்பு மாதிரிச் சொன்னார். "கோடை மழ ஒண்ணு விழுந்திருக்கு பாப்பா. ஈரம் இருக்கு. வர்ற திங்கக்கெழம அதுல ஏர் எறக்கிக் கடல போடப்போறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. தட்டை எடுக்க வந்த மதினியின் கண்ணைப் பார்த்தேன். அழவில்லை, ஆனால் அந்த வாய்த்துடுக்கு எங்கோ போயிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்மஞ்சோறு என்பதால் இல்லை.

"பஸ்ஸ நிப்பாட்டினாப் போதும் இல்லையா?" என்றேன்.

தோழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னாலயே எறங்க முடியல."

சனிக்கிழமை விடியுமுன் நான் ரோட்டில் நின்றேன். ரயில்வே கேட்டில் சிவப்புக் கொடி காட்டினால் ரயிலே நிற்கிறது, இந்தப் பஸ் என்ன பெரிய கொம்பனா? தோழியின் சிவப்புத் தாவணியைக் குச்சியில் கட்டி, வெளிச்சம் லேசாக வந்ததும் தலைக்கு மேலே வீசினேன். பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் கொடியைப் பார்த்ததும் உற்சாகமாகி, முஷ்டியை உயர்த்தி "ஜிந்தாபாத்!" என்று கத்தினார். உள்ளேயிருந்து இரண்டு மூன்று குரல்கள் பதில் கொடுத்தன. பஸ் போயேவிட்டது.

மதினி கூடையை இறக்கி வைத்து, அதன் மேலேயே சாய்ந்து சிரித்தாள். "இனி எலக்சன்ல நிக்கலாம் நீ."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரோட்டுக்குக் குறுக்கேயே நின்றோம். இந்தத் தடவை ஆரன் அடித்துக்கொண்டு பஸ் மெதுவானது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். அதே கண்டக்டர்தான்.

"வெலகுங்கம்மா! ஸ்டேஜ் இல்லாத எடத்துல நிறுத்தினா மொதலாளி எங்கள எறக்கி விட்ருவாரு!"

விலகினோம். ஆனால் அன்றைக்குப் பஸ் ஊர்ந்து போனதால் அதன் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். முன்னால் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. கண்ணாடிக்கு மேலே உள்ளே ஒரு சாமி படம், அதற்கு ஒரு மாலை. காய்ந்து கறுத்துப்போன மாலை, எத்தனை நாளைக்கு முந்தியதோ.

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒரு தர்கா. வியாழக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுகிற நேரத்தில் எந்த வண்டிக்காரரும் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டமாட்டார். லாரியாக இருந்தாலும் சரி, குதிரை வண்டியாக இருந்தாலும் சரி, கொஞ்ச நேரம் நிறுத்தி, புகையை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். இந்து டிரைவர், முஸ்லிம் டிரைவர் என்றெல்லாம் கிடையாது. சின்ன வயதிலிருந்து மாடிச் சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முதலாளியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது!

"மதினி," என்றேன், "வண்டிக்கு நேரா கற்பூரம் ஏத்தினா?"

மதினி வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் என் தோளில் ஓர் அடி வைத்தாள் பாருங்கள், இன்னும் வலிக்கிறது.

"அடியே! எரியிற கற்பூரத்தத் தாண்டி எவன் வண்டிய எடுப்பான்?"

தோழிக்குத்தான் சந்தேகம். "சாமி பேரச் சொல்லி ஏமாத்துறதா ஆகாதா மதினி?"

"இதுல என்னடி ஏமாத்து? வண்டிக்குத்தான் பூச. நின்னு நம்மள ஏத்திக்கிட்டா நெசமாவே அது நமக்குச் சாமிதான். நான் மனசாரத்தான் சுத்தப்போறேன்."

மாமனாரிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். "மாமா, நாளைக்கு வண்டி நின்னுச்சுன்னா அந்தக் காட்டுல ஏர் எறக்கக் கூடாது."

"நின்னா நானே கூடையத் தூக்கி மேல வைக்கிறேன், போ" என்றார் அவர். "ரெண்டு வருசமா நிக்காதது, பாய் வீட்டுப் புள்ள சொன்ன பூசைக்கு நிக்கப்போகுதாக்கும்."

"யோசன யாரு வீட்டுதா இருந்தா என்ன மாமா?"

திங்கட்கிழமை இருட்டுப் பிரியுமுன் மூவரும் பூக்காட்டில் இருந்தோம். செடிக்குச் செடி குனிந்து, விரல் நுனியால் அரும்பை மட்டும் கிள்ளி மடியில் போட வேண்டும். கிள்ளிக் கிள்ளி விரல் மரத்தது. மதினியின் கைகளைப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு வேகம். வாழையிலை விரித்த இரண்டு கூடைகளில் நிரப்பி, மேலே ஈரத்துணியைப் போர்த்தினோம். அந்த நேரத்தில் மாமனார் நுகத்தடியில் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். கலப்பை மாட்டின் கழுத்திலிருந்து தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

"பறிங்க பறிங்க, நல்லாப் பறிங்க" என்றார். சொல்லிவிட்டு, மாடுகளை வேப்பமரத்தில் கட்டினார். "செத்த நேரம் வேடிக்க பாத்துட்டு வந்து உழுதுக்கிறேன்."

ரோட்டில் காற்று அடித்தது. கற்பூரத் தட்டை எங்கே வைத்தாலும் அணைந்துவிடும் போலிருந்தது. விலக்கு ஓரத்தில் ஒரு மைல் கல் நின்றது. வெள்ளைக் கல், மஞ்சள் தலை. அதன் மறைவில் காற்று படவில்லை. மதினி அதன் அடியைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, தட்டையும் தேங்காயையும் வைத்தாள். வண்டிக்கென்று கட்டிய மாலையைக் கையில் வைத்துக்கொள்ள முடியாமல் கல்லின் மேல் போட்டாள். நான் பக்கத்துச் சிறு பாலத்தின் சுவரில் ஏறி நின்று வடக்கே பார்த்தேன்.

"வருது! வருது!"

மதினி கற்பூரத்தைக் கொளுத்தினாள். சின்னத் துண்டில்லை, கை நிறைய. தட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, ரோட்டு நடுவில் போய் நின்றாள். நெருப்பு அவள் முகம் வரைக்கும் எழுந்தது. பஸ் ஆரன் அடித்தது. மறுபடி அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. பிரேக் பிடிக்கிற கிறீச் சத்தம் வந்தது. அதைப்போல இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அவளுக்குப் பத்தடி முன்னால் பஸ் நின்றது.

கண்டக்டர் குதித்து இறங்கினார். "ஏம்மா, உங்களுக்கு எத்தன தடவ சொல்றது? இங்க ஸ்டேஜ்..."

"யோவ், கற்பூரம் எரியுதுய்யா" என்றது டிரைவர் சீட்டிலிருந்து ஒரு குரல். "அணையட்டும். கத்தாத."

டிரைவர் இறங்கி வந்தார். மீசை வைத்த பருத்த மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மதினி வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். தோழி தேங்காயை ரோட்டில் உடைத்தாள். தேங்காய்ச் சில்லுகள் டயர் வரைக்கும் சிதறின. டிரைவர் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்டக்டர் அவரைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், தானும் பையைத் தோளில் தள்ளிவிட்டு ஒற்றிக்கொண்டார்.

இதற்குள் பஸ்ஸே காலியாகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி, தீபத்தை விட்டுவிட்டு, மாலை போட்ட மைல் கல்லைச் சுற்றி நின்றார்கள். வெற்றிலைக் கட்டோடு வந்த ஒரு வியாபாரி தோழியிடம் கேட்டார்.

"என்ன சாமிம்மா இது? புதுசா இருக்கு?"

"மைல் கல்லுங்க" என்றாள் தோழி.

எஞ்சின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "மயிலக்காளா!" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தாயி, மயிலக்கா, இன்னைக்கு யாவாரம் நல்லா நடக்கணும்." பின்னாலிருந்தவர்கள், "மயிலக்காளாம், மயிலக்காளாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கல்லின் மஞ்சள் தலையைத் தடவி நெற்றியில் இட்டுக்கொள்ளப் பார்த்தாள். பெயின்ட் எங்கே வரும்?

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அது சாமி இல்லை, மைல்..." என்று ஆரம்பித்தேன். மதினி என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். திரும்பிப் பார்த்தேன். கற்பூரம் பாதிதான் எரிந்திருந்தது. அது எரிகிற வரைக்கும்தான் எங்களுக்கு நேரம். வாயை மூடிக்கொண்டேன்.

"மாமா!" என்று மதினி கத்தினாள்.

மாமனார் வேலிப் பக்கத்தில் மலைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலில் உலுக்கிவிட்டது போல நகர்ந்தார். துண்டைச் சும்மாடு சுற்றி, முதல் கூடையைத் தலைக்கு ஏற்றி, பஸ்ஸின் பின்னால் இருந்த ஏணியில் அவர் ஏறிய வேகம், அந்த வயதில் யாரும் ஏறமாட்டார்கள். இறங்கி வந்து இரண்டாவது கூடையையும் எடுத்தார். மேலேயிருந்து, "ஏலே, யாராச்சும் அந்தக் கயித்த வீசுங்கடா, கூட ஆடுது!" என்று சத்தம் போட்டார். வெற்றிலை வியாபாரிதான் கயிற்றை வீசினார். மாமனார் கூடைகளைக் கட்டிவிட்டு இறங்கினார்.

மதினி சாமி படத்துக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்த சரத்தை டிரைவரிடம் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார். பழைய மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு அதை மாட்டினார்.

"இந்தச் செடி எம்புட்டு நாளைக்குப் பூக்கும்மா?"

"ஆவணி வரைக்கும் பூக்கும் அண்ணே. தெனமும் உங்க படத்துக்கு ஒரு சரம் என் பொறுப்பு."

"அப்ப ஆவணி வரைக்கும் இங்க ஸ்டேஜ்தான். ஏறுங்க, நேரமாச்சு."

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வடமதுரையிலருந்துதான் டிக்கெட் போடுவேன், சம்மதமா?"

"திருச்சியிலிருந்துகூடப் போடுங்க" என்றேன்.

தோழி ஊரில் நின்றுகொள்ள, நானும் மதினியும்தான் போனோம். திண்டுக்கல் வரைக்கும் என்னால் உட்கார முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயில் ஏறுகிறதா, துணி காய்கிறதா, மேலே மொட்டுகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? பக்கத்தில் மதினி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் முந்தானையைக் கிள்ளிக்கொண்டே வந்தன, செடியில் அரும்பைக் கிள்ளுகிற மாதிரி.

பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கி ஈரத்துணியைத் தூக்கினாள். ஒரு மொட்டு, ஒரே ஒரு மொட்டுக்கூட வாய் திறக்கவில்லை! வெள்ளை வெளேரென்று, குண்டு குண்டாக, பறித்த நேரத்தில் இருந்தபடியே கிடந்தன. வியாபாரி ஒரு கை அள்ளி, விரலால் உருட்டிப் பார்த்து, புருவத்தைத் தூக்கினார்.

"நெலக்கோட்டைப் பூவா?"

"நெலக்கோட்டைப் பொண்ணு வடமதுரையில போட்ட பூவு" என்றாள் மதினி. வாய்த்துடுக்கு முழுசாகத் திரும்பிவிட்டது.

அவர் விலை சொன்னார், மதினி சிரித்தாள், அவர் விலையை ஏற்றினார். இரண்டு கூடையும் ஒரே ஆளிடம் போயிற்று. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நாளைக்கு எனக்குத் தாம்மா" என்றார். "மொதல்ல எனக்கு, பெறகுதான் நீ" என்றார் இவர். அவர்கள் எங்களுக்காகச் சண்டை பிடிப்பதை நாங்கள் இரண்டு பேரும் காலிக் கூடைகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். என் ஊர்தான், எத்தனையோ முறை அந்த மார்க்கெட் வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்தான். அன்றைக்கு அங்கே நான் யாரோ ஒரு மகாராணியின் சேனாதிபதி.

மத்தியானம் திரும்பினோம். மணி அடித்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நான் எழுந்து தயாராவதற்குள் விசில் ஊதியது. வேறு பஸ், வேறு கண்டக்டர். யார் சொல்லி எப்படிப் பரவியதோ, அரை நாளில்!

"மயிலக்கா எறங்கு! மயிலக்கா எல்லாம் எறங்கு!"

மைல் கல்லில் இன்னும் இரண்டு மாலைகள் கூடியிருந்தன. யாரோ ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள்.

விலக்கில் காத்திருந்த தோழியோடு காட்டுக்குப் போனோம். வேப்பமரத்தடியில் மாடுகள் இல்லை. மதினி நடையை வேகமாக்கினாள், ஓடினாள், நானும் தோழியும் பின்னாலேயே ஓடினோம். மல்லிகைச் செடிகள் அப்படியே நின்றன. அதற்கு அந்தப் பக்கம், போன வருஷம் சோளம் போட்டிருந்த நிலம் முழுக்கப் புதிதாக உழுது கிடந்தது; ஈர மண் கறுப்பாகப் புரண்டிருந்தது. மாமனார் கடைசிச் சாலில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார்.

"பூவு எங்கத்தா?"

"திண்டுக்கல் பொம்பளைங்க தலையில மாமா."

அவர் கலப்பையில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளினார்.

"இது என்ன, கடலைக்கா உழுதீங்க?" என்று மதினி கேட்டாள்.

"கடலைய எவன் திங்கிறது? உங்க ஊர்ல அந்தப் பதியன் இன்னும் கெடைக்குமா, கெடைக்காதா? அதச் சொல்லு மொதல்ல. ஈரம் காயிறதுக்குள்ள நடணும்."

மதினி காலிக் கூடையை என் தலையில் கவிழ்த்துவிட்டு, உழுத மண்ணில் இறங்கி, எத்தனை வரிசை வரும் என்று காலால் அளக்க ஆரம்பித்தாள்.